பூங்காவில் நிற்கும் மச்சானின் மாடு

மகா சிவராத்திரிக்கு அடுத்த நாள் அது. நாட்களில் எனக்குப் பிழை வராது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த சிறுவர் பூங்காவுக்கு யானை, மான், கரடி எல்லாம் சீமெந்தில் செய்து முடித்த சிற்பி, ஒரு நாம்பன் காளையும் செய்யவேண்டும், பார்த்துச் செய்ய நல்லதொன்று தேவை என்று எங்கள் ஸ்கந்தபுரத்துக்கு வந்தார். ஊரார் இரண்டு மாடுகளைச் சொன்னார்கள். ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியின் தமையனுடையது.

சிற்பி வரப்போவது தெரிந்து, சிவராத்திரி என்றும் பாராமல் என் மாட்டை வாய்க்காலில் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசியிருந்தேன். மச்சானின் மாட்டு வயிற்றில் சாணி காய்ந்திருந்தது. சிற்பி அளவுநாடாவோடு கிட்டப் போனதும் என்னுடையது வேலியை முறித்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தது. மச்சானுடையது அசைபோட்டபடி காதைக்கூட அளக்கவிட்டது.

"உங்கட மாடுதான் வடிவு ஐயா. ஆனா நிண்டாத்தானே செய்யலாம்," என்றார் சிற்பி.

அழகுக்குக் கிடைக்கவேண்டியது சோம்பலுக்குக் கிடைத்தது.

பூங்கா திறந்தபோது போய்ப் பார்த்தேன். கழுத்துத் தொங்கலின் மடிப்பு, ஈரம்போல மினுங்கும் மூக்கு, எல்லாம் அச்சொட்டாக இருந்தன. பின்தொடையைப் பார்த்ததும்தான் வயிறு எரிந்தது. எங்கள் பக்கத்தில் மாடுகள் தரவை வெளியில் கலந்து மேயும். தொடையில் சுட்ட குறியை வைத்துத்தான் யாருடையதென்று பிரிப்போம். மச்சான் வீட்டுக் குறியான பிறையையும் கோட்டையும் சிற்பி அப்படியே சீமெந்தில் வெட்டியிருந்தார். ஊர்ப் பணத்தில் நின்ற மாடு மச்சானுடையதாகிவிட்டது.

காளையைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட பழைய நாடுகளைப் பற்றியெல்லாம் வாசித்தவன் நான். ஒரு சீமெந்து மாட்டுக்காக நித்திரை குழம்பக்கூடாது என்று தெரியும். குழம்பியது. பொதுச் சொத்தில் தனியார் குறி இருப்பது முறையல்ல என்று பிரதேச சபையில் போய்ச் சொன்னேன். அவர்களும் அதை நிரவிப் பூச்சடித்தார்கள். மனைவி ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மச்சான் வழமைபோல வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பிள்ளைகள் அந்தத் தொடையில் கால்வைத்துத்தான் முதுகில் ஏறினார்கள். ஆவணி முடிவதற்குள் பூச்சு உதிர்ந்து, முதலில் பிறையும், பிறகு கோடும் வெளியே வந்தன. இந்தமுறை நான் சபைக்குப் போகவில்லை. போனால் சிரிப்பார்கள்.

போன மாதம் என் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இரணைமடுப் பக்கமெல்லாம் சைக்கிளில் தேடிக் களைத்துத் திரும்பும்போது, பூங்கா வாசலில் மச்சான் கைகாட்டி மறித்தார்.

"உம்மட ஆள் உள்ளுக்கை நிக்கிறார் மச்சான். என்ர மாட்டைப் பாக்க வந்திருக்கிறார்."

உள்ளே போனேன். சீமெந்து மாட்டின் நிழலில், அதன் கழுத்தோடு தன் கழுத்தை உரசியபடி என் மாடு நின்றது. சீமெந்துக் கரடியின் மடியிலிருந்த பிள்ளைகள் எங்களையே பார்த்தார்கள். கயிற்றைப் போட்டு இழுத்தேன். அன்று சிற்பிக்கு ஒரு கணமும் நிற்காத மாடு, எவ்வளவு இழுத்தும் அசையாமல் நின்றது.