ஒடித்தால் கத்தும் கார்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் காரைத் திருப்பினேன். பானெட்டுக்குள் யாரோ பூனை வாலை மிதித்தது போல ஒரு கீச்சல். ஸ்டியரிங்கை நேராக்கினால் அமைதி. ஒடித்தால் மறுபடி கீச்.

காருக்கு வயது முப்பதுக்கு மேல். உதிரி பாகம் கேட்டால் கடைக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்ப்பார்கள். பவர் ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது என்று அரை நிமிடத்தில் முடிவுகட்டினேன். அடுத்த நிமிடம், வெகுநாளாக இந்தக் காரைக் கேட்டு நச்சரிக்கும் வேலப்பன்சாவடி நண்பனுக்கு போன் போட்டு, "சாயங்காலம் வந்து ஓட்டிப் பாத்து எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதெல்லாம் எனக்குப் போனை வைத்த பிறகுதான்.

வைத்ததும் காரை ஒருமுறை சுற்றி வந்தேன். இதையா விற்பது? சின்னக் கோளாறாக இருந்தால்? பூந்தமல்லியில் என் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் கிளம்பினேன். பாரிவாக்கத்தில் நடுரோட்டில் ஒரு மாடு. சுற்றிப் போனால் ஒடிக்க வேண்டும். அது எழுந்து போகும்வரை காத்திருந்தேன்.

பாய் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்தார். "ஆயில் கரீட்டா கீது. நுரையும் இல்ல. ஒடி."

கீச்.

"பம்புதானே பாய்? சொல்லிடுங்க, தாங்கிக்கிறேன்."

"கம்முனு குந்து நைனா. வண்டியவிட நீதான் ஜாஸ்தி கத்துற."

பம்பைச் சுழற்றியபடி ஓடும் பெல்ட்டின் மேல் தண்ணீர் தெளித்தார். சத்தம் நின்றது, ஈரம் போனதும் திரும்பி வந்தது. "பம்பு நல்லாத்தான் கீது. பெல்ட்டு வழுக்குது." இஞ்சினை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டை விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். விரல் மஞ்சளாக இருந்தது.

"இன்னாபா இது, சந்தனமா?"

பூஜையன்று பானெட் மேல் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள் மனைவி. நான் பானெட்டைத் திறந்து, பேட்டரி, ரேடியேட்டர், பெல்ட் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அப்பியிருந்தேன்.

"வண்டிக்குப் பொட்டு வெச்சு பாத்துகீறேன். நீ நலங்கே வெச்சிகீற!"

பாய் சுத்தமாகத் துடைத்தார். ஒடித்தேன். சத்தமே இல்லை. ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுக்கப் போன நேரத்தில் போன் அடித்தது.

"மாமே, சாயங்காலம் வரைக்கும் தாங்காது, இன்னும் ஒரு மணி நேரத்துல உன் ஊட்டாண்ட கீறேன்!"

கொடுத்த வாக்கை மாற்ற வாய் வரவில்லை. வீட்டுக்கு விரைந்தேன். சாமி படத்தடியில் கிண்ணத்தில் மிச்சச் சந்தனம் இருந்தது. பெல்ட்டில் தாராளமாகத் தடவி, அது உலரும்வரை செய்தித்தாளால் விசிறினேன்.

நண்பன் வந்தான், உட்கார்ந்தான், ஒடித்தான். தெருநாய்கள் எழுந்து நின்றன.

"இன்னா மாமே இப்டி கத்துது?"

"பவர் ஸ்டியரிங் பம்பா இருக்குமோ..." காலையில் நானே நம்பிய கதை, முகம் தானாக வாடியது.

"பார்ட்ஸு கெடைக்குமா?"

"தேடிக்கினே இருக்கலாம்."

"ஊட்ல கேட்டு சொல்றேன்" என்று போனவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்றே பெல்ட்டைத் துடைத்துவிட்டேன். இப்போதும் ஆவடி சிக்னலில் ஒடிக்கும்போதெல்லாம் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். சத்தம் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று பாயிடம் ஒருமுறை காட்டிவிடலாமா என்று யோசனை.