மன்னாரில் ஒரு கிணறு

பாலாவியில் எங்கள் கிணற்றுக்கு நுளம்பு மருந்து ஊற்ற வருகிறவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. மெலிந்து உயர்ந்த மனிதர். வெள்ளைத் தொப்பி எப்போதும் வியர்வையில் நனைந்திருக்கும். "பிஸ்மில்லாஹ்" சொல்லித்தான் போத்தலைச் சாய்ப்பார். உள்ளே இருப்பது மண்ணில் இயற்கையாக வாழும் பக்டீரியாவாம். தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பி அதைத் தின்றால் செத்துப்போகும், மனிதருக்கு ஒன்றும் ஆகாதாம். ஊற்றி முடித்ததும் கிணற்றுக் கட்டைத் தட்டி, "உங்கட கிணறு இனிச் சுகம்" என்பார்.

ஒருநாள் அவர் பையில் இன்னொரு சிறிய போத்தலைக் கண்டேன்.

"இது யாருக்கு நானா?"

"மன்னார்ல எங்கட கிணத்துக்கு, தம்பி. ஒபிசில கேட்டு வாங்கினேன்."

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் என்று அவர்களைத் துரத்திய ஊர். சண்டை முடிந்து போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு, கிணறு மட்டும் மிச்சம்.

"ஆளில்லாத இடத்தில நுளம்பு யாரைக் கடிக்கப்போகுது?"

"அங்க பக்கத்து ஊட்டுக்காரர் போன் எடுத்து ஏசினார். உங்கட கிணத்தால நுளம்புத் தொல்லை, வந்து பாருங்க எண்டு."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது.

"இத்தனை வருசம் சுகம் கேக்காத மனுசன் ஏசவா எடுத்தவர்? மண்ணைப் போட்டு மூடிவிடுங்கோ."

அவர் போத்தலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"உங்கட கிணறு எண்டு சொன்னாரே தம்பி. அந்த ஊர்ல வேற எதையும் உங்கட எண்டு எங்களுக்குச் சொல்ல ஆளில்ல."

இப்போதெல்லாம் அவர் எங்கள் கட்டைத் தட்டி, "உங்கட கிணறு" என்று தொடங்கும்போதே நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.