தோட்டத்துக்கு வந்த தேன்பெட்டிகள்

சிதறால் மலைக்குக் கீழே எங்களுக்கு ஒரு வீடும் அதன் பின்னால் கொஞ்சம் ரப்பர் தோட்டமும் உண்டு. கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆன காலத்திலிருந்தே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போகிறவர். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டுகிறவர் தோட்டத்துக்குள் போவார், வேலை முடிந்ததும் பின்வழியாகவே போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரவேண்டிய அவசியம் இருக்காது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சில நாள் சாயங்காலம் மகள் போன் பண்ணும்போது என் குரல் கரகரக்கும். "சளி பிடிச்சிருக்காம்மா?" என்பாள். சளியெல்லாம் இல்லை. அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு.

சர்ச் ஹாலில் பெண்களுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பயிற்சி முடித்தவர்களுக்குப் பெட்டி வாங்கச் சிறு உதவித்தொகையும் உண்டு என்று ஒரு நாள் மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது. தேனீ என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். இருந்தாலும் மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு போனேன். ஹால் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்ததைப் பார்த்ததுமே மனசு ஏதோ இளகிவிட்டது.

பயிற்சி நடத்தியவர் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர். பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்த்தார். முதல் இரண்டு நாள் படம் காட்டிப் பேசினார். மூன்றாம் நாள் ஹாலுக்குப் பின்னால் ஒரு பெட்டியை நிஜமாகவே திறக்கச் சொன்னார். தேங்காய்த் தொண்டு எரித்துப் புகை போட ஒருவர், மூடியைத் தூக்க ஒருவர் என்று ஜோடி ஜோடியாக நிறுத்தினார். என் ஜோடி கீழ்த்தெருவில் வாடகைக்கு இருந்த ஒருத்தி. முப்பது வயது இருக்கும். கணவன் விட்டுப் போய்விட்டான். முந்திரிப் பருப்பு உடைக்கும் ஆலைக்கு, எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்போம், போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"பயப்படாதிங்கக்கா. பைய திறங்க. நான் புகை போடுகேன்," என்றாள்.

மூடியைத் தூக்கினேன். உள்ளே மரச்சட்டம் முழுக்கத் தேனீ மொய்த்திருந்தது. என் கை ஆடியிருக்க வேண்டும், ஒன்று நேராக வந்து கண் இமையில் கொட்டிவிட்டது. நான் கத்தியதில் மற்ற பெண்கள் ஓடினார்கள். அவள் ஓடவில்லை. புகைப்பானைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகை நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். "அனங்காம நில்லுங்க. செரியாப் போச்சு, செரியாப் போச்சு." எனக்குக் கண்ணீர் கொட்டியது. கொடுக்கு குத்தியதால் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். என் முகத்தை இன்னொருவர் கை தொட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பயிற்சி முடிந்து உதவித்தொகைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை என்று காரணம் சொன்னார்கள். என் முறை வந்ததும் டீச்சர் தயங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டிலல்லா இருக்காரு? உங்களுக்கு இது எதுக்கு அக்கா?"

பேச ஆள் வேணும் என்று எப்படிச் சொல்வது? அப்போது என் ஜோடிக்காரிதான் எழுந்தாள்.

"டீச்சர், எங்க யாருக்கும் ஈ வைக்க இடம் கிடையாது. வாடகை வீட்டு முற்றத்துல வச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. இந்த அக்காவுக்குத் தோட்டம் இருக்கு. எல்லாரு பெட்டியையும் அங்கேயே வைப்போம். அக்காவுக்கும் ரெண்டு பெட்டி குடுங்க. எங்க பெட்டிக்கும் அவங்கதான காவல்?"

அப்படித்தான் என் ரப்பர் மரங்களுக்கிடையில் பச்சை பெயின்ட் அடித்த பெட்டிகள் வந்து நின்றன. எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொன்றின் காலடியிலும் தண்ணீர்க் கிண்ணம். பெட்டிகளின் பின்னால் பெண்கள் வந்தார்கள். காலையில் ஒருத்தி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒருத்தி, அண்டி ஆபீஸ் விட்டு சாயங்காலம் அவள். எங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டி ஓயாமல் சத்தம் போட்டது. நான் பெரிய பாத்திரத்தில் பாலில்லாத கட்டஞ்சாயா போடத் தொடங்கினேன். அடுக்களையில் வைத்துப் பக்கத்துவீட்டுக் கதை, மாமியார் கதை, சீட்டுக் கம்பெனிக் கதை எல்லாம் பேசினார்கள். ரப்பர் தளிர்விட்ட மாசத்தில் தேன் நிறைந்தது. எல்லாரும் சேர்ந்து சட்டங்களை இயந்திரத்தில் வைத்துச் சுற்றித் தேன் எடுத்த அன்றைக்கு, தரையெல்லாம் பிசுபிசுத்து, நடக்கும்போது செருப்பு ஒட்டிக்கொண்டது. நான் மூன்று தடவை தரையைக் கழுவினேன். அதைப்போல் சந்தோஷமாக நான் தரை கழுவியதே இல்லை.

அடுத்த வருஷம் எல்லாருக்கும் நல்லது நடந்தது. அதைத்தான் நான் யாரிடமும் குறையாகச் சொல்ல முடியவில்லை. ஒருத்தியின் அண்ணன் அவளுக்கென்று தோட்டத்தில் இடம் ஒதுக்கிக்கொடுத்தார். இன்னொருத்தி பெட்டிகளைப் பெருக்கி, மலையோரத்தில் பெரிய எஸ்டேட் ஒன்றில் வைக்க அனுமதி வாங்கினாள். ராத்திரி ஈ அடங்கிய பிறகு பெட்டியைக் கட்டி டெம்போவில் ஏற்றுவார்கள். நான் டார்ச் பிடித்து நிற்பேன். "வாறோம் அக்கா, இடைக்கிடை வருவோம்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு வேலை கூடிவிட்டது.

கடைசியில் என் ஜோடிக்காரியும். டீச்சரின் அமைப்பு தேனி மாவட்டத்தில் புதிதாகப் பயிற்சி தொடங்கியது. சொல்லிக்கொடுக்க இவளைக் கூப்பிட்டார்கள். மாசச் சம்பளம், தங்க இடம்.

"போகட்டாக்கா?" என்று என் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

"இதுல கேக்க என்ன இருக்கு, மக்கா? அண்டி ஆபீஸ்ல கையைக் கறுக்க வச்சது போதாதா?"

"நீங்க தனியா இருப்பியளே."

"முன்னாடி இருக்கலியா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலம் நீளமாக இருந்தது. பூ இல்லாத நாட்களில் ஈக்களுக்குச் சீனிப்பாகு காய்ச்சி வைக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் மூடி திறக்கப் பழகினேன். புகையையும் நானே போட்டேன். நடுவில் கணவர் விடுப்பில் வந்தார். முதல் நாளே ஈ கொட்டி அவர் விரல் வீங்கிவிட்டது.

"நான் அனுப்புகது போதாதா? பிறகு என்னத்துக்கு இந்தக் கஷ்டம்?" என்றார். பரிவோடுதான் கேட்டார். அவருக்கு விளக்க வேண்டுமென்றால் எந்த வருஷத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "சும்மா, பொழுதுபோக்குதான்," என்றேன். அவர் விடுப்பு முடிந்து போனார்.

இந்த வருஷம் தை கழிந்து ஒரு நாள் காலை, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் பெரிய இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் என் பெட்டிகளில் ஒன்றில் ஈக்கூட்டம் பிரிந்துகொண்டிருந்தது. கூட்டம் பெருகினால் பழைய ராணி பாதி ஈக்களோடு வெளியே கிளம்பிவிடும். அவை புகைபோல் சுழன்று, பலா மரக் கிளையில் போய்ப் பிடித்துத் தொங்கின. விட்டால் கொஞ்ச நேரத்தில் எங்கேயாவது போய்விடும். இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியைச் சாய்த்தேன். கூட்டத்தின்மேல் தண்ணீர் தெளித்து அடக்கினேன். ஒரு கையில் துணிப்பையை விரித்துப் பிடித்து, மறுகையால் கிளையை ஒரே உலுக்கு. பொத்தென்று பைக்குள் விழுந்தது, பழுத்த பழத்தின் கனம். கை நடுங்கவில்லை. ஒன்றுகூடக் கொட்டவும் இல்லை. இறங்கி வந்து, காலிப் பெட்டிக்குள் அவற்றைக் கவிழ்த்து, குஞ்சுகள் உள்ள ஒரு சட்டத்தை வேறு பெட்டியிலிருந்து எடுத்து நடுவில் வைத்து, ராணி வெளியே போகாதபடி வாசலில் தகடு மாட்டினேன். வெளியே மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து நடந்து உள்ளே போயின. அப்படியே மண்ணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கணவருக்குப் போட்டேன். "வேலையில நிக்கேன், பிறகு விளிக்கேன்," என்று வைத்துவிட்டார். மகளின் போன் அணைந்திருந்தது. துவைத்துப் பாதியில் விட்ட துணியை அலசிக் காயப்போட்டேன். பழையதை எடுத்துச் சாப்பிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. அவள்தான். பின்னால் ஒரே பெண்கள் பேச்சு, சிரிப்பு. யாரோ "டீச்சர், டீச்சர்" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கூப்பிட்டியளா? பெட்டி திறந்து காட்டிட்டு நின்னேன், பாக்கல. என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல மக்கா," என்றேன். "சும்மாதான் கூப்பிட்டேன். நீ போ, அவங்க காத்து நிக்காங்கல்லா."