மடத்துக்கு அடிச்ச மரண அறிவித்தல்

செத்தவீட்டு நோட்டீசுக்குக் கறுப்புக் கரை கட்டுறதுதான் அப்ப என்ரை தொழில். யாழ்ப்பாணப் பட்டினத்திலை ஒரு சின்ன அச்சகத்திலை எழுத்துக் கோக்கிறவன். எழுபதுகளின்ரை நடுப்பகுதி. கலியாணம் காட்சி ஒண்டுமில்லை. ஒரு வாடகை அறை, ஒரு சைக்கிள்.

மத்தியானத்திலை சோத்துப் பார்சலோடை சந்தியிலை இருந்த பழைய மடத்துக்குப் போவன். வழிப்போக்கர் தங்கிறதுக்கு ஒல்லாந்தர் காலத்திலை ஆரோ புண்ணியவான் கட்டினது எண்டு சொல்லுவினம். கடலிலை எடுத்த முருகைக்கல் சுவர், எந்த வெய்யிலுக்கும் குளிர்ந்து கிடக்கும். தனிய இருந்து சாப்பிடுறவனை அங்கை ஒருத்தரும் ஏன் தனிய எண்டு விடுப்புப் பாக்கிறேல்லை. பட்டினத்திலை எனக்கெண்டு இருந்த இடம் அதொண்டுதான்.

அதை ஒரு முதலாளி வாங்கிப்போட்டார், இடிச்சுக் கடை கட்டப்போறார் எண்டு கேள்விப்பட்டவுடனை எனக்கு விசர் பிடிச்சுது. "மடத்தைக் காப்போம், ஞாயிறு மாலை மடத்தடிக்கு வாருங்கள்" எண்டு நானே கோத்து அடிச்சு, கோப்பிக்கடை, பஸ் ஸ்ராண்ட், சந்தை எண்டு ஒட்டித் திரிஞ்சன். ஞாயிற்றுக்கிழமை வந்தது நானும் ஒரு ஆடும். ஆடு நோட்டீசைத் திண்டிட்டுப் போட்டுது.

வந்த கோவத்திலை அடுத்த நோட்டீசுக்குக் கறுப்புக் கரை கட்டினன். "எங்கள் மடம் திங்கட்கிழமை காலமாகவிருக்கிறது. உற்றார், உறவினர், நண்பர்கள் ஞாயிறு மாலை வந்து உயிர் காக்கவும்." குத்திக்காட்டத்தான் அப்பிடி அடிச்சன்.

ஐயோ, வந்த சனத்தை என்னெண்டு சொல்லுறது! வெள்ளை வேட்டி, சால்வை, குடை. மடம் கொள்ளேல்லை. எனக்குச் சந்தோசத்திலை கண் கலங்கிப்போச்சு. அச்சகத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் கிட்ட வந்து, என்ரை கையைப் பிடிச்சு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"ஆரை எடுக்கிறது? இது இன்னும் சாகேல்லை அண்ணை! நாளைக்குக் காலமை வாங்கோ, எல்லாருமா முன்னாலை நிண்டு மறிப்பம்."

"என்ன செய்யிறது தம்பி, அதுக்கும் வயசு போட்டுதுதானே. மனசைத் தேற்றிக்கொள்ளும்."

கரையைக் கண்டவை "உயிர் காக்கவும்" எண்ட கடைசிச் சொல்லை வாசிக்கேல்லைப் போலை. ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சினம். வெத்திலை போட்டினம். எலெக்சன் கதைச்சினம், சுன்னாகத்து வெங்காயம் கதைச்சினம். பிறகு எழும்பிச்சினம். செத்தவீட்டிலை "போட்டு வாறன்" எண்டு சொல்லக்கூடாதெல்லே, ஒருத்தரும் சொல்லேல்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு போச்சினம். நாளைக்கு ஒரு குருவியும் வராது எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சுது.

திங்கள் காலமை நான் தனியப் போய் வாசலிலை நிண்டன். இடிக்க அலவாங்கோடை வந்தவங்கள் பாவங்கள், கூலிக்கு வந்தவங்கள். "அண்ணை, அங்காலை நில்லுங்கோ, கல்லு விழும்" எண்டாங்கள். அங்காலை போனன். வேறை என்ன செய்யிறது, ஒரு ஆள்.

மத்தியானம் சோத்துப் பார்சலோடை திரும்பிப் போனன். மிஞ்சிக் கிடந்த மூலைச் சுவரிலை கையை வைச்சு, "போட்டு வாறன்" எண்டு வாய்விட்டுச் சொன்னன். பாக்கிறவை பாக்கட்டும்.

வந்த சனம் எல்லாம் ஞாயிறு பொழுதுபடவே வீட்டை போய்த் தலைமுழுகியிருக்கும். நான் இண்டுவரைக்கும் முழுகேல்லை.