அன்னத்தின் மூக்கில் உடைத்த தேங்காய்

பைபர் படகை ஒட்டுகிற வேலைக்கு வெயில் வேண்டும். குற்றாலத்தில் படகு ஓடுவதோ சாரல் விழுகிற காலத்தில். மழையில் ஓட்டு வீட்டு ஒழுகலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வளைகுடாவில் ஒரு படகுக் கொட்டகையில் கற்ற தொழிலை வைத்து, இங்கே குளத்து மிதி படகுகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் அன்னம்

எங்கள் குளத்தில் அன்னப்பறவை வடிவில் ஒரு படகு உண்டு. வெள்ளை உடம்பு, வளைந்த கழுத்து, இரண்டு பக்கமும் மை தீட்டிய கண். போன சீசனில் அது ஒழுகியது. டிக்கெட் கிழித்துக் கயிறு பிடிக்கிற சுடலைமுத்து டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "அன்னம் ஒழுகல, அவரு வேலைதான் ஒழுகுது" என்றான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

ஆனால் இருவருக்கும் ஒரே கொட்டகை. அதனால் அன்னத்திடம் பேசினோம். "அன்னம், உப்புத்தாள எங்க வச்சான்னு கேளு" என்பேன். "அங்கன பலகைக்கு அடியில கெடக்குன்னு சொல்லுட்டி" என்பான். மலையிலிருந்து மேகம் இறங்கிக் குளத்தை மூடும்போது, ஒட்டுகிற ரெசின் பசையின் வாடையில் எனக்கு லேசாகக் கிறங்கும். அன்னமே கழுத்தைத் திருப்பி எங்கள் பேச்சைச் சுமந்து போவதுபோல இருக்கும். அந்த நேரம் பார்த்து அவன் குரல் வரும்: "ஏட்டி அன்னம், சாப்பிட்டுட்டு கோவப்படுதாரா, வெறும் வயித்துலயே கோவப்படுதாரான்னு கேளு."

திருவேங்கடத்து அம்மா

போன சீசன் முடிகிற சமயம், திருவேங்கடத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கரிசல் காட்டுச் சனங்கள். நான்கு பேர் அன்னத்தில் ஏறிப் போய், கணுக்கால் நனையத் திரும்பினார்கள். கரையில் நின்ற படகுக் குத்தகைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "அடுத்த சீசன்லயும் இது ஒழுகுச்சுன்னா கழுத்த அறுத்துக் காயலான் கடைக்குப் போட்டுருவேன்" என்றார்.

அன்னம் போனால் சுடலைமுத்து டீக்கடையில் சொன்னதே உண்மை என்று ஆகிவிடும். மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த அம்மாவிடம் போனேன். அவர் இறங்க மனமில்லாமல் தண்ணீருக்குள் பாதத்தை அளைந்துகொண்டிருந்தார். "இருக்கட்டும் அண்ணாச்சி, எங்க ஊர்ல தண்ணி தேடி வந்து கால நனைக்கவா செய்யுது?"

சந்தனத்துக்கு அடியில்

இந்த சீசனுக்கு முன் அன்னத்தை அடி முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஆள் ஏற்றாமல் குளத்தில் விட்டேன். ஒரு சொட்டு ஏறவில்லை. கரையேற்றிக் கழுவும்போதுதான் மூக்கில், அதாவது கழுத்துக்குக் கீழே தண்ணீரைக் கிழிக்கிற முன்முனையில், அப்பியிருந்த சந்தனம் அடை அடையாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே சிலந்தி வலைபோல வெடிப்பு. வெடிப்புக்குள் ஒரு தேங்காய் நார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. வருடா வருடம் சீசன் திறக்கிற அன்று சுடலைமுத்துதான் பூசை போடுவான். அன்னத்தின் மூக்கிலேயே ஓங்கித் தேங்காயை உடைத்து, அந்த இடத்தில் சந்தனத்தை அப்புவான். சும்மா கிடக்கும்போது மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும். ஆள் ஏறி முன்பக்கம் தாழ்ந்ததும் வெடிப்பு உள்ளே போய்விடும். "அன்னம், உன் மூக்க உடைச்சது யாருன்னு கேளு" என்றேன். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "சாமிக்கு உடைச்சதையும் குத்தம்னு சொல்லுதாரு பாருட்டி."

தார்ப்பாய்

வெடிப்பைச் சுரண்டி, கண்ணாடி நார் வைத்து ரெசினால் ஒட்டி, மேலே பளபளப்புக்கு ஜெல்கோட் பூச்சு பூசினேன். காயுமுன் ஈரம் பட்டால் அது பால்போல வெளுத்துப் பிசுபிசுக்கும். பூசி முடித்த கையோடு, கொட்டகைத் தகர ஓட்டை வழியாகச் சாரல் வந்துவிட்டது. பொடிப்பொடியாக, சத்தமே இல்லாமல், பூ உதிர்கிற மாதிரி. மழை என்று சொல்லவும் மனசு வராது; திட்டவும் வாய் வராது. வேட்டியை விரித்துப் பிடித்தபடி அதன்மேல் குனிந்து நின்றேன்.

எப்போது வந்தான் தெரியவில்லை. சுடலைமுத்து என் தலைக்கும் அன்னத்துக்கும் சேர்த்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். அதற்காகப் பழையதை மறக்கிற ஆள் நான் இல்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை: "உனக்காகத்தாம்ட்டி கட்டுதேன், அவருக்கில்ல."

திறப்பு நாள்

மாலை போட்டு அன்னத்தைக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். குத்தகைக்காரர் கைகட்டி நின்றார். சூடம் காட்டி முடித்த சுடலைமுத்து, பழக்கத்தில் அன்னத்தின் மூக்குக்கு நேரே தேங்காயை ஓங்கினான். பளபளவென்று என் ஒட்டு. அன்னத்திடம் சொல்லி, அது அவனிடம் சொல்ல நேரம் ஏது?

"ஏலே சுடலை, கீழ கல்லுல உடைலே!" என்று கத்திவிட்டேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவன் குனிந்து படித்துறைக் கல்லில் தேங்காயை உடைத்தான். குத்தகைக்காரர் வீட்டு ஆட்கள் நான்கு பேர் ஏறி, மேகத்துக்குள் போய் மறைந்து, வெகு நேரம் கழித்துக் காய்ந்த காலோடு திரும்பினார்கள். சுடலைமுத்து கயிற்றைப் பிடித்து, அன்னத்தின் காதருகே குனிந்து சொன்னான்: "கேட்டியாட்டி, அவருக்கு எம் பேரு ஞாபகம் இருக்கு."

அன்னம் மிதக்கிறது, தேங்காய் கல்லில் உடைகிறது, அவனோடு நான் இப்போதும் பேசுவதில்லை.