பெவர்லி அக்காவின் சிவப்பு அம்புகள்

"ஆண். வயது பதினெட்டு முதல் இருபத்தொன்பது வரை. மணமாகாதவர். வேகமான சண்டைகளை விரும்புபவர். நீண்ட உரையாடல்களைப் படிக்காமல் தாண்டிச் செல்பவர்."

‘எல்மராத்’ என்னும் மாயலோக வீடியோ விளையாட்டைத் தயாரித்த நிறுவனம், தன் ரசிகர் இன்னார் என்று வெளியிட்ட குறிப்பு இது. பெவர்லி அதைக் கணினியில் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் வாசித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, ‘ஆண்’ என்ற சொல்லுக்கு நேராகத் திரையில் ஒட்டினார். வயதுக்கு நேராக இன்னொன்று. ‘தாண்டிச் செல்பவர்’ என்ற இடத்தில் மட்டும் மூன்று.

"யாரு லா இந்த ஆளு?" என்றார். "எல்லாத்தையும் தாண்டிப் போறவன் எதுக்கு வெளயாட வரான்?"

பெவர்லிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆர்தரின் மனைவி. மலேசியாவின் பாயான் பாருவில் ஒன்பதாம் மாடி வீடு. இருபத்தாறு வருடங்களாக அருகிலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரம் பார்ப்பவர். நுண்ணோக்கியின் கீழே வரும் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைப்பு சரியில்லாத இடத்தைக் கண்டுபிடித்துச் சிவப்பு அம்பை ஒட்டுவது அவர் வேலை. அந்த அம்புகள் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். ஆர்தர் தேய்த்த சட்டையில் மடிப்பு இருந்தால் அங்கே ஓர் அம்பு. ஒருமுறை தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் பைபிள் வாசகத்தின் எண் தப்பாக இருந்தது. பாதிரியார் கைக்கு அந்தத் தாள் அம்போடு போய்ச் சேர்ந்தது.

மகன் மார்க் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது கேம் மெஷினை விட்டுவிட்டுப் போனான். தூசு படிகிறதே என்று துடைக்க எடுத்தவர்தான் பெவர்லி. அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

அறுபது மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அட்டையில் போட்டிருந்த விளையாட்டை அவர் முதல் தடவை நானூற்றுப் பத்து மணி நேரம் விளையாடினார். குதிரை இருந்தும் நடந்தே போனார். ஒவ்வொரு கிராமத்திலும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து ஒவ்வொரு பானையையும் திறந்து பார்த்தார். உலகம் அழியப்போகிறது, உடனே மலைக்கு வா என்று அரசன் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். பெவர்லி அந்த நேரத்தில் ஒரு கிழவியின் காணாமல்போன வாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார். "அரசனுக்கு ஆள் இருக்கு, இந்தப் பாட்டிக்கு யாரு இருக்கா?" என்பது அவர் கட்சி. விளையாட்டில் வரும் எலும்புப் படையைக் கண்டால் இன்றைக்கும் பயம். கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களை அழுத்துவார். ஆச்சரியம், பெரும்பாலும் ஜெயித்துவிடுவார்.

மலேசியாவின் வட பகுதி ரசிகர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதன் தலைவி இவர்தான். எப்படித் தலைவியானார் என்று கேட்டால், "கேள்வி கேட்டா பதில் சொன்னேன். வேற யாரும் சொல்லல" என்பார். அந்த மாதம் குழுவுக்குப் பெரிய வேலை வந்திருந்தது. எல்மராத்தின் இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாட்டு ரசிகர் குழுவும் தங்கள் எதிர்பார்ப்புகளை வாக்கெடுத்து அனுப்பலாம், பட்டியலில் முதலாவதாக இருப்பது நேராகக் கதை எழுதுபவர்களின் மேசைக்குப் போகும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது.

எதிர்பார்ப்புகள் மழையாகக் கொட்டின. பெவர்லி அவற்றைத் தொழிற்சாலைக்கு வந்திறங்கும் சரக்கைப் போலவே நடத்தினார். அளக்க முடியாத ஆசை எதுவும் உள்ளே வரக்கூடாது. ‘குதிரை இன்னும் நல்லா இருக்கணும்’ என்று ஒருவர் எழுதினால், "நல்லான்னா என்ன? வேகமா, அழகா, சொன்ன பேச்சு கேக்கணுமா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ‘கதை மனசைத் தொடணும்’ என்று எழுதியவருக்கு வெறும் சிவப்பு அம்பின் படம் மட்டும் போனது. திட்டிக்கொண்டே திருத்தி எழுதினார்கள். திருத்தி எழுதியபோதுதான் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதே பலருக்குத் தெரிந்தது.

கடைசியில் இரண்டு எதிர்பார்ப்புகள் முன்னுக்கு வந்து நின்றன. இரண்டும் பெல்ரிக்கைப் பற்றியவை.

பெல்ரிக் ஒரு கொல்லன். இடது காலை இழுத்து இழுத்து நடப்பவன். முதல் பாகத்தில் ஆட்டக்காரருக்குத் துணையாக வருவான், நக்கல் பேசுவான், குளிர் என்று புலம்புவான். முடிவில் ஒரு கல்பாலத்தில் தனியாக நின்று எதிரிகளைத் தடுத்துச் செத்துப்போவான். எப்படி விளையாடினாலும் அவனைக் காப்பாற்ற வழியில்லை. குழுவில் பாதிப்பேர் அவன் திரும்பி வர வேண்டும் என்றார்கள். அந்தக் கட்சிக்குத் தளபதி தாசேக் கெலுகோரில் பள்ளி பஸ் ஓட்டும் குணாளன். மறுபாதி, செத்தவர்களை எழுப்பக்கூடாது என்றது. அதை எழுதிப் போட்டவரே பெவர்லிதான்.

ஒவ்வொரு ஞாயிறும் மரித்தோரின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் ஒருவர், ஒரு கொல்லனின் உயிர்ப்பை இத்தனை மூர்க்கமாக எதிர்ப்பது ஆர்தருக்குத் தீராத வேடிக்கை.

"ஆண்டவர் எழுந்தா சரி, கொல்லன் எழுந்தா தப்பா?"

"அது வேற, இது வேற லா, ஆர்தர். சும்மா இருங்க."

"அந்தப் பொம்மை செத்ததுக்கு ரெண்டு நாள் அழுத. எங்கம்மாவுக்கு அரை நாள்."

"உங்கம்மா பாலத்துல நின்னாங்களா?"

பெல்ரிக் மேல் பிரியமில்லாமல் அப்படிச் சொல்கிறார் என்று யாரும் நினைக்க முடியாது. ஆட்டத்தை மூன்று முறை முடித்திருக்கிறார். மூன்று முறையும் பாலத்துக்கு முந்தைய ஊர் வந்ததும் கதையை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் முழுக்க அவனைப் பழைய ஊர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். "அவனுக்கு லீவு குடுத்திருக்கேன்" என்றார். அதன் பிறகு தானே அவனைப் பாலத்துக்கு நடத்திப்போனார். மெதுவாகத்தான். குணாளனிடம் அவர் ஒரே ஒரு தடவைதான் காரணம் சொன்னார்: "திரும்பி வந்துட்டான்னா, அன்னைக்கு அவன் நின்னதுக்கு என்ன மதிப்பு? நான் அழுதது என்ன, சும்மாவா?"

வாக்கெடுப்பு ஒரு ஞாயிறு நண்பகல் பன்னிரண்டுக்கு முடிந்தது. ஆளுக்கு ஒரு வாக்கு. விளையாட்டு உண்மையிலேயே கையில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக, வீட்டு மெஷினில் ஆட்டத்துக்குள் நுழைந்துதான் வாக்குப் போட வேண்டும். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, பூசைக்குப் போன சேலையோடே பெவர்லி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. செத்தவர்களை எழுப்பக்கூடாது: அறுநூற்றுப் பதினொன்று. பெல்ரிக் வர வேண்டும்: அறுநூற்று நான்கு.

ஆர்தர் கோப்பி கொண்டுவந்து வைத்தார். "ஜெயிச்சிட்ட."

பெவர்லி கோப்பியைத் தொடுவதற்குள் தொலைபேசி அடித்தது. குணாளன்.

"அக்கா, மோசம் போயிட்டோம் கா. காத்துல மரம் விழுந்து பத்தரையிலேர்ந்து கரண்ட் இல்ல. எங்க தாமான் வீடுங்கள்ல பன்னெண்டு பேரு ஓட்டே போடல."

"ஒரு வாரம் இருந்துச்சே தம்பி. என்ன செஞ்சீங்க?"

"நாந்தான் கா நிறுத்தி வச்சேன். கடைசி ஒரு மணி நேரத்துல மொத்தமா போட்டா, உங்க ஆளுங்க முழிச்சிக்க டைம் இருக்காதுன்னு..."

"கெட்டிக்காரன்!"

"ஆமா கா. ரொம்பக் கெட்டிக்காரன். வீட்டுல எல்லாரும் என்னைய அடிக்க நிக்கிறாங்க."

பெவர்லி போனை வைத்தார். குறைவது ஏழு வாக்கு. வெளியே நிற்பது பன்னிரண்டு. கணக்கு ஆர்தருக்கும் புரிந்தது.

"டைம் முடிஞ்சா முடிஞ்சதுதான். அவனே சூழ்ச்சி பண்ணிருக்கான். உன்னைய யாரு கேக்கப் போறா?"

பெவர்லி தன்னோடு ஒரே வரிசையில் வேலை பார்க்கும் நவமணியைப் போனில் கூப்பிட்டார். நவமணிக்கும் தாசேக் கெலுகோர்தான். விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாது.

"நவமணி, பசியாறியாச்சா? உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"

"எங்க கா! பத்தரைக்குப் போனது. மீனெல்லாம் ஐஸ்பெட்டியில கெட்டுப்போவுது. ரெண்டு மணிக்கு வரும்னு சொல்றாங்க. ஏன் கா?"

"சும்மா கேட்டேன்."

பிறகு ஆர்தர் பக்கம் திரும்பினார். "சரக்குல பன்னெண்டு டப்பா இன்னும் லாரியில இருக்கு. பாக்காம எப்படிப் பாஸ்னு கையெழுத்துப் போடுறது?"

"இது ஃபேக்டரி இல்ல, பெவ்."

"அதான், இதுக்குச் சம்பளமும் இல்ல. அப்புறம் எதுக்குப் பொய்க் கையெழுத்து?"

பட்டியலை அனுப்ப அன்று மாலை வரை நேரம் இருந்தது. இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வாக்கெடுப்பு எல்லாருக்கும் மறுபடி திறக்கும் என்று குழுவில் அறிவித்தார். காரணத்தையும் எழுதினார்: மரம், மின்சாரம், பன்னிரண்டு பேர். குணாளனின் சூழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பெவர்லியின் கட்சிக்காரர்கள் பொங்கினார்கள். ‘அக்கா, உங்க எதிர்பார்ப்புக்கு நீங்களே குழி தோண்டுறீங்க’ என்று ஒருவர் எழுதினார். அவர் நினைத்தால் இன்னும் போடாதவர்களைக் கூப்பிட்டுத் தன் பக்கம் வாக்குச் சேர்த்திருக்கலாம். ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் பெவர்லி சேலையை மாற்றிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு வேண்டிய தொழிற்சாலை அங்கியைத் தேய்த்தார். மடிப்பு விழுந்த ஓர் இடத்தை மூன்று தடவை.

மூன்று மணிக்கு வந்து பார்த்தார். எழுப்பக்கூடாது: அறுநூற்றுப் பதினான்கு. வர வேண்டும்: அறுநூற்றுப் பத்தொன்பது.

"போச்சு" என்றார் ஆர்தர். இந்த முறை கேலி இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்து, ஆறிப்போன கோப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கினார்.

பெவர்லி பட்டியலைத் தயார் செய்தார். முதல் வரியில் குணாளன் எழுதிய வாசகம் வந்து நின்றது: ‘பெல்ரிக் திரும்பி வர வேண்டும்.’ அதை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்பு அம்பை அந்த வரிக்கு நேராக ஒட்டினார். குணாளனைக் கூப்பிட்டார்.

"தம்பி, வரணும்னு மட்டும் எழுதிருக்கீங்க. எப்படி வரணும்? கம்பெனிக்காரனுங்க பாட்டுக்குக் காலை நேராக்கி, சின்ன வயசாக்கி, வேற யாரோ ஒருத்தன அனுப்பிட்டா?"

"அய்யோ, அத நான் யோசிக்கலியே கா. நீங்களே சரியா எழுதிருங்க லா."

பெவர்லி எழுதினார்: ‘பெல்ரிக் திரும்பி வர வேண்டும். இடது காலை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். பாலத்தில் நடந்தது அவனுக்கு நினைவிருக்க வேண்டும்.’ குணாளனுக்கு வாசித்துக் காட்டி, சரி என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டார். நகத்தால் அம்பை உரித்தெடுத்தார். பட்டியலை அனுப்பினார்.