ஆள் வரட்டும்

கஞ்சிக் கிடாரத்தடியில் நின்றவர்களைச் சொல்கிறேன். அடுப்புக்குப் பாவிலு அண்ணை. ஜெபம் சொல்ல வந்த பங்குச் சுவாமி. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு பாத்திரத்தோடு ரெஜினா. கடைசியாக வந்த அவளுடைய மனுசன் சவிரியான். அகப்பையோடு நான்.

இப்போது ஏன் இந்தக் கதை என்றால், நேற்றுப் பெரிய வெள்ளி. வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறேன். மேல்மாடிப் பெண் கதவைத் தட்டி, கோயிலில் கொடுத்த கஞ்சி என்று பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினாள். "எத்தினை பேர் இருக்கிறியள் அம்மா?" மகள் வீட்டார் வெளியே போயிருந்தார்கள். நான் மட்டும்தான் என்றேன். இரண்டு கோப்பை வைத்துவிட்டுப் போனாள். தேங்காய்ப்பாலும் உள்ளியும் மணத்தது. ஒன்றைக் குடித்தேன். மற்றதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த மணம்தான் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் என்றால் மரம் கிடையாது. ஒரு கூரை, பதினாலு அறை, ஒரு பைப். வெள்ளைக்காரன் காலம். உலகச் சண்டை நடந்தது. அரிசி கூப்பனுக்குத்தான். அப்படியிருந்தும் தவசுகாலம் முழுக்க வீடு வீடாகப் பிடியரிசி எடுப்போம். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி கோயிலுக்கு. பெரிய வெள்ளிக்கு அது ஏழைகளுக்குக் கஞ்சியாகும்.

ஒரு ஆளுக்கு ஒரு அகப்பை. அகப்பை என் கையில். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, ஆனால் கை தராசு. ஒருத்தருக்குக் கூடவும் போகாது, குறையவும் போகாது. அன்றைக்கு என் நடையே வேறு. சிரிக்காதேயுங்கள்.

பைப்படியில் ரெஜினா என்னை "அளந்து மூச்சு விடுறவள்" என்று சொன்னவள். அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அதற்காக இல்லை என்றும் சொல்லத் தெரியவில்லை.

சிலுவைப்பாதை முடிந்து வெயில் ஏறிவிட்டது. வரிசையில் ரெஜினா வந்தாள். ஒரு கையில் விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பை, மற்றதில் தகர டின்.

"அக்கா, அவருக்கும் ஒண்டு ஊத்துங்கோ. எழும்பேலாமக் கிடக்கிறார்."

"ஆள் வரட்டும், ஊத்துறன்."

பாவிலு அண்ணை அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "தவறணைக் கள்ளு எண்டா எழும்பி வருவார் பிள்ளை, கஞ்சிக்குத்தான் ஏலாது!"

வரிசை சிரித்தது. சவிரியான் கப்பலில் மூட்டை இறக்கும்போது விழுந்து நெஞ்சில் அடிபட்டவர். பத்து நாளாக வாசலுக்கே வரவில்லை. இருமல் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நான் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை, அது பெரிய புண்ணியமா?

ரெஜினா ஒரு அகப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

வரிசை முடிந்த பிறகு சவிரியான் வந்தார். மதிலைப் பிடித்துப் பிடித்து வந்தார். கையில் அதே உடைந்த கோப்பை. கிடாரத்துக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"ஆள் வந்திட்டுது தங்கச்சி" என்றார். பிறகு, "அவ தன்ரயை எனக்குத் தந்திட்டா. இது அவவுக்கு."

ஊற்றினேன். ஒன்று. இன்னும் சனம் வரும், கஞ்சி போதாமல் போய்விடும் என்று எனக்குள் ஒரு நியாயம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். அதனால் திரும்பும்போது மதிலைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை.

சனிக்கிழமை கோயில் மணி அடிக்க முதல் செத்துப்போனார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "நீ ஒழுங்குதானே பார்த்தாய், அதில் பாவம் இல்லை" என்றார் சுவாமி. பாவம் என்று சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பைப்படி வரிசையில் ரெஜினா எனக்கு முன்னால் நின்றாள். ஏசுவாள் என்று நின்றேன். தன் வாளியைத் தள்ளி வைத்தாள். "முதல் நீங்க பிடியுங்கோ அக்கா" என்றாள். இரக்கம் என்றால் என்ன என்று சுவாமி எத்தனையோ பிரசங்கம் வைத்தவர். நான் படித்தது அந்த வாளியில். வாங்கிக்கொள்வது அடியைவிடக் கஷ்டம்.

அடுத்த வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடி ஊற்றினேன். பாதி வரிசையில் கிடாரம் காலி. வெறும் பாத்திரத்தோடு நின்ற சனம் என்னை ஏசினது. "இரக்கம் பொங்கி வழிஞ்சிட்டுது" என்றார் பாவிலு அண்ணை. அகப்பையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். சரிதான். நான் படித்த பாடமும் கோணல்.

ரெஜினா எந்த ஊருக்குப் போனாளோ தெரியாது. தோட்டத்தை இடித்துவிட்டார்கள். பிடியரிசி என்றால் என் மகளுக்கே விளங்காது. கிடாரம் எங்கே போனதோ.

ஒன்று மட்டும் போகவில்லை. அன்றைக்குச் சவிரியான் போன பிறகு ஒருத்தரும் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் யப்பான்காரன் குண்டு போட்டதில் ஓடின சனத்தில் பாதி திரும்பவே இல்லை. அரிசியோ வழக்கமான அளவு போட்டிருந்தோம். மிச்சத்தை நாய்களுக்கு ஊற்றும்போது பழக்கத்தில் எண்ணினேன்.

பதினேழு அகப்பை.